தட்டம்மைக் கணக்கு

புள்ளி விவரம் என்று கண்டால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் கதை வாசகர்களில் அதிகம். கதை எழுதுகிறவர்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. நானும் அதற்கு விலக்கல்ல. ஆனால் லண்டனையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த சுகாதார அதிகாரிகள், இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷங்களில் எழுதி வைத்த ஆண்டறிக்கைகளைப் படிக்க நேர்ந்தபோது, எண்கள் நிறைந்த ஒரு பக்கத்திலேயே வெகு நேரம் நின்றுவிட்டேன்.

அந்த அறிக்கைகள் எல்லாம் ஓர் அச்சில் வார்த்தவை போல இருக்கும். ஊரின் ஜனத்தொகை என்ன, பிறந்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர், சாக்கடை எப்படி ஓடுகிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாலில் தண்ணீர் கலந்து அகப்பட்டுக் கொண்டவர்கள் யார், கசாப்புக் கொட்டில்களும் ரொட்டி சுடும் கிடங்குகளும் சுத்தமாக இருந்தனவா என்பன போன்ற விஷயங்கள் வரிசையாக வரும். அப்புறம் தொற்று நோய்களின் அட்டவணை. வைசூரி, டிப்தீரியா, ஸ்கார்லெட் ஜுரம், டைபாய்டு என்று ஒவ்வொரு நோய்க்கும் எதிரே, அந்த வருஷம் அது எத்தனை பேரைக் கண்டது என்று போட்டிருக்கும். அந்த அட்டவணையில் தட்டம்மை என்ற பெயரே இராது.

சில பக்கங்கள் தள்ளி மரண அட்டவணை வரும். அதிலே தட்டம்மை உண்டு. உண்டு என்பது மட்டுமல்ல. பல வருஷங்களில் ஸ்கார்லெட் ஜுரத்தையும் டிப்தீரியாவையும் டைபாய்டையும் விடப் பெரிய எண்ணாகவே உட்கார்ந்திருக்கும். வியாதிக்காரர்களே இல்லாத ஒரு வியாதியில் இத்தனை பேர் செத்துப் போயிருக்கிறார்கள்!

அந்த நாட்களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருஷத்துக்குச் சுமார் பதினாயிரம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். 1911 போன்ற பொல்லாத வருஷங்களில் அதற்கும் மேலே. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இப்படியிருக்க, நோய் கண்டவர்களை ஏன் எண்ணாமல் விட்டார்கள்?

இறப்பை எண்ணுகிற ஏற்பாடு அங்கே பழையது. 1837-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியிலிருந்து பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றையும் சர்க்கார் பதிவு செய்யத் தொடங்கியது. 1874-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு பதிவு செய்யாவிட்டால் அபராதம். வைத்தியம் பார்த்தவர் மரணத்துக்குக் காரணம் எழுதித் தரவேண்டும் என்பதும் கண்டிப்பாயிற்று. அந்தக் காரணங்களை வகை பிரித்து அடுக்கி, எந்த ஊரில் எந்த நோயால் எத்தனை பேர் மாண்டார்கள் என்று தேசத்துக்கே காட்டிக் கொடுத்தவர் வில்லியம் பார் என்ற வைத்தியர். ஆகவே ஒருவன் செத்தால் கணக்குத் தப்பாது. ஆனால் சாகாமல் படுத்துக் கிடந்தவனைப் பற்றிச் சர்க்காருக்கு ஒன்றும் தெரியாது.

அதற்காக 1889-ல் வேறொரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில தொற்று நோய்களைக் கண்டால் வைத்தியர் உடனே ஊர்ச் சுகாதார அதிகாரிக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்துகிற வைத்தியரானால் சீட்டு ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் கூலி. பொது ஸ்தாபனத்தில் பார்த்த நோயாளியானால் ஒரு ஷில்லிங். முதலில் லண்டனுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த இந்தச் சட்டம் 1899-ல் நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. காலராவும் வைசூரியும் அதன் ஜாபிதாவில் இருந்தன. அக்கி போன்ற ஒரு தோல் நோய்க்குக்கூட இடம் கிடைத்தது. தட்டம்மைக்கு இல்லை.

காரணம் சொன்னார்கள். அது எல்லாக் குழந்தைகளுக்கும் வருவது. எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் சீட்டுக் கூலியே ஊர்ப் பணத்தை விழுங்கிவிடும். ஏழைகள் தட்டம்மைக்கு வைத்தியரைக் கூப்பிடுவதில்லை. ஆகவே சீட்டு வந்தாலும் முழுக் கணக்காக வராது. கணக்கு வந்தாலும் அத்தனை குழந்தைகளைத் தனிமைப்படுத்தி வைக்க ஆஸ்பத்திரியில் இடம் ஏது? இப்படியெல்லாம் சொன்னார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணந்தான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நோய் எளிமையானது என்பதற்காக அல்ல, அது மிகப் பெரியது என்பதற்காகவே அதைக் கணக்கிலிருந்து தள்ளினார்கள் என்று ஏற்படுகிறது. ஸ்காட்லாந்திலுள்ள அபர்டீன் போன்ற சில நகரங்கள் தாமாகவே முன்வந்து தட்டம்மையையும் ஜாபிதாவில் சேர்த்தன. அபர்டீன் சுமார் இருபது வருஷ காலம் அப்படி எழுதிவிட்டு, அப்புறம் கைவிட்டது.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் நம்மவர்கள் அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் வேப்பிலை செருகி, மூன்றாம் தண்ணீர் விடுகிறவரையில் வீட்டில் தாளிதம் கூடாது என்று கட்டுப்பாடாக இருந்திருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் காலத்துக் கிராமக் கணக்கில் காலரா, வைசூரி, பிளேக் ஆகியவற்றுக்குத்தான் தனித் தலைப்பு. மற்றதில் பெரும்பகுதியும் "ஜுரம்" என்ற ஒரே குப்பைக் கூடையில் விழும். பெரிய அம்மைக்குக் கணக்கு உண்டு; சின்ன அம்மைகளுக்கு இல்லை.

லண்டனுக்குத் திரும்புவோம். நகரத்துக்கு வடமேற்கே வில்ஸ்டன் என்று ஓர் ஊர். 1871-ல் சுமார் 16,000 பேர் இருந்த இடம். வைக்கோலும் மாடுகளும் நிறைந்த நாட்டுப்புறம். ரெயில் பாதைகள் வந்தன. கில்பர்ன், ஹார்ல்ஸ்டன், கென்ஸல் கிரீன் என்று வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் முளைத்தன. ரெயில்வே தொழிலாளிகளும் சில்லறைக் குமாஸ்தாக்களும் கொத்தர்களும் குடியேறினார்கள். 1901-ம் வருஷ ஜனக் கணக்கில் 1,14,811 பேர், 1911-ல் 1,54,214. இவ்வளவு பேர் சேர்ந்த பிறகும் சட்டப்படி அது நகரமல்ல, "நகர மாவட்டம்"தான். 1933-ல்தான் அதற்கு நகர சபை அந்தஸ்து கிடைத்தது. இளம் தம்பதிகள் குடியேறும் ஊரில் குழந்தைகள் அதிகம். குழந்தைகள் அதிகமான ஊரில் தட்டம்மைக்குக் கேட்க வேண்டுமா?

அந்த ஊரில் சுகாதார அதிகாரியாக வேலை பார்த்த வில்லியம் பட்லர் என்பவர், 1913-ல் லண்டன் ராயல் வைத்திய சங்கத்தில் தட்டம்மையைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை படித்தார். அவரும் அவரைப் போன்ற மற்ற ஊர் அதிகாரிகளும், சட்டம் கொடுக்காத கணக்கை எங்கிருந்து பிடித்தார்கள் என்பதுதான் எனக்கு ருசியாக இருந்த பகுதி.

பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்தார்கள்.

1880-லிருந்து இங்கிலாந்தில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவது கட்டாயம். 1891-லிருந்து பெரும்பாலும் சம்பளமும் இல்லை. பள்ளிக்குச் சர்க்கார் கொடுக்கும் மானியம், எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே உபாத்தியாயர்களுக்கு ஆஜர் புத்தகம் வேதபுத்தகத்துக்கு அடுத்தபடி. வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கென்றே உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். லண்டன் பள்ளிகளில் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பதக்கம்கூடக் கொடுத்தார்கள். அந்தப் பதக்கத்துக்காக எத்தனை குழந்தைகள் மூக்கு ஒழுக ஒழுக வகுப்பில் வந்து உட்கார்ந்தார்களோ, தெரியாது!

பிள்ளை வரவில்லை என்றால் காரணம் கேட்டு எழுதுவார்கள். "தட்டம்மை" என்று காரணம் வந்தால் தலைமை ஆசிரியை அதை ஒரு தாளில் குறித்துச் சுகாதார அதிகாரியின் காரியாலயத்துக்கு அனுப்புவாள். பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு, விலாசம். வைத்தியர் எழுதாத சீட்டை உபாத்தியாயினி எழுதினாள். அதற்கு இரண்டரை ஷில்லிங்கும் இல்லை. நோயைக் கண்டு சொல்ல அவளுக்குப் படிப்பு இல்லைதான். ஆனால் வைத்தியர் பத்து வீடு பார்ப்பதற்குள் அவள் அறுபது முகங்களைப் பார்த்துவிடுகிறாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தட்டம்மையின் சுபாவத்தை அறிந்தால்தான் அது விளங்கும். தொற்றின நாளிலிருந்து ஏறக்குறையப் பத்து நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஜுரம், ஜலதோஷம், தும்மல், கண் சிவந்து நீர் வடிதல். பதினாலாவது நாள் வாக்கில்தான் காதோரமும் முகத்திலும் சிவப்புத் தடிப்புகள் காணும். மற்றவர்களுக்குத் தொற்றுவதோ தடிப்புக் காண்பதற்கு நான்கு நாள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அதாவது, "இது அம்மை" என்று தாய் சொல்லும்போது, பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்த பிள்ளைகளின் உடம்பில் வித்து விழுந்து நாலு நாள் ஆகியிருக்கும். நியூயார்க்கில் ஹென்றி காப்லிக் என்ற குழந்தை வைத்தியர், தடிப்புக்கு முன்பே வாய்க்குள் கன்னத்தின் உட்புறத்தில் உப்புக்கல் போன்ற வெள்ளைப் புள்ளிகள் தோன்றும் என்று 1896-ல் கண்டுபிடித்தார். நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் ஒவ்வொரு குழந்தையின் வாயையும் தினந்தோறும் விளக்கைப் பிடித்துப் பார்ப்பது யார்?

ஆகவே சுகாதார அதிகாரிகள் "முதல் விளைச்சல்", "இரண்டாம் விளைச்சல்" என்று பேசினார்கள். ஒரு வகுப்பில் முதலில் ஒரு குழந்தை விழும். இரண்டு வாரம் சத்தம் இராது. அப்புறம் ஒரே நாளில் ஏழு, எட்டு, பத்து. அதற்கு இரண்டு வாரம் கழித்து மற்றொரு கூட்டம். முதல் குழந்தை விழுந்ததும் பள்ளியை மூடிப் பிரயோஜனமில்லை. இரண்டாம் விளைச்சல் தும்மத் தொடங்கும் நாளைக் கணக்குப் பார்த்து, அந்த ஐந்தாறு நாள் மட்டும் அந்த ஒரு வகுப்பை மூடினால் போதும் என்று சிலர் முறை வகுத்தார்கள். தலைமை ஆசிரியையின் தாள் இரண்டு நாள் தாமதித்தாலும் முறை கவிழ்ந்துவிடும். பெரும்பாலும் கவிழ்ந்தது.

லண்டனின் கிழக்கே வுல்விச் என்ற பகுதியில் பள்ளி வைத்தியர்கள் மற்றொன்று கவனித்தார்கள். ஒரு வகுப்பில் ஏற்கெனவே தட்டம்மை வந்து போன பிள்ளைகள் யார், இன்னும் வராதவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தார்கள். வராதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்திருந்தால் நோய் அந்த வகுப்பில் தீப்போல் பரவிற்று. அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்ததும் தானே அணைந்தது. அத்தனை பிள்ளைகளும் தீரும்வரை அது எரிவதில்லை. விறகுக்கு விறகு தூரமானதும் நின்றுவிடுகிறது.

லண்டன் முழுவதையும் எடுத்துக்கொண்டு இதே விஷயத்தைச் சொன்னவர் வில்லியம் ஹேமர். லண்டன் கவுண்டி கவுன்சிலில் வைத்திய உத்தியோகம் பார்த்தவர். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தட்டம்மை லண்டனில் அலையாக எழுந்து விழுவதைப் பலரும் கண்டிருந்தார்கள். ஜான் பிரௌன்லீ என்ற புள்ளி விவர நிபுணர், அந்த அலையின் நீளம் 97 வாரம் என்று கணக்கிட்டார். கிருமிக்கே வீரியம் ஏறி இறங்குகிறது என்பது பிரௌன்லீயின் கட்சி. அதெல்லாம் இல்லை என்றார் ஹேமர், 1906-ம் வருஷத்துச் சொற்பொழிவுகளில். கிருமி எப்போதும் ஒரே கிருமிதான். இதுவரை அம்மை காணாத குழந்தைகளின் தொகை பிறப்பினால் ஏறுகிறது, நோயினால் இறங்குகிறது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழிகிறது என்பதற்குமேல் இதில் மர்மம் ஒன்றுமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பிற்காலத்து விஞ்ஞானம் ஹேமர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1957-ல் பார்ட்லெட் என்ற கணித நிபுணர், சுமார் இரண்டரை மூன்று லட்சம் பேருக்குக் குறைந்த ஊரில் தட்டம்மை நிலையாகக் குடியிருக்க முடியாது, அணைந்து அணைந்து வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று காட்டினார். வில்ஸ்டன் அந்த அளவுக்குச் சிறிய ஊர்தான். ஆனால் லண்டனோடு ஒட்டிக்கொண்டிருந்தபடியால் வாசற்படியிலேயே நெருப்பு இருந்தது.

இதுவரை சொன்னது பள்ளிக்கூடத்துக் கணக்கு. இனிமேல்தான் முதலில் சொன்ன மரண அட்டவணைக்கு வர வேண்டும்.

சுகாதார அதிகாரிக்கு வாரந்தோறும் ரிஜிஸ்திராரிடமிருந்து ஒரு ஜாபிதா வரும். அந்த வாரத்தில் ஊரில் இறந்தவர்களின் பெயர், வயது, விலாசம், காரணம். பள்ளியிலிருந்து வரும் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலில் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது. பள்ளித் தாளில் உள்ளவர்கள் ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் மூன்று வாரத்தில் திரும்பிப் பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். ரிஜிஸ்திராரின் ஜாபிதாவில் இருக்கிறவர்களோ பதினைந்து மாதம், பதினெட்டு மாதம், இரண்டு வயது. பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ஒரு தாளைப் பார்த்தால் தட்டம்மை ஓர் அற்ப நோய். மற்றொரு தாளைப் பார்த்தால் அது குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் நோய்.

இரண்டு தாளிலும் ஒத்திருக்கிற பத்தி ஒன்றே ஒன்றுதான். விலாசம்.

ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்குத் தம்பி, பதினாறு மாதம். வேறு யாரும் வேண்டாம். பெண் பள்ளியில் நோயை வாங்கிக்கொண்டு வருகிறாள். அவளுக்குத் தடிப்புக் கண்டு மறைந்து உடம்பு தேறுகிற சமயத்தில், தம்பிக்கு ஜுரம் அடிக்கிறது. அக்காளுக்கு வந்ததுதானே, அவள் பிழைத்துக்கொள்ளவில்லையா என்று வீட்டில் இருக்கிறார்கள். தடிப்பும் மறைகிறது. ஆனால் மூச்சு இரைக்கிறது. விலாப் பள்ளம் விழுகிறது. தட்டம்மை நேராகக் கொல்வதைவிட அதன் பின்னாலேயே வருகிற நிமோனியாதான் அதிகம் கொன்றது. சளிக்கட்டை எதிர்க்கும் மருந்துகள் அப்போது உலகத்தில் இல்லை. அந்தப் பெண் மறுபடி பள்ளிக்குப் போகும் திங்கட்கிழமை, ஆசிரியையின் தாளில் அவள் பெயர் அடிபடுகிறது. அதே வாரத்து ஜாபிதாவில் அதே வீட்டு இலக்கம் வருகிறது.

ஆறு மாதம் வரையில் தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்பு குழந்தையைக் காக்கிறது. அது தீர்ந்த பிறகு, இரண்டாவது வயதுதான் மிக மோசமான காலம். அதைத் தாண்டி எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவுக்கு ஆபத்துக் குறைவு. விலாசங்களை ஒத்துப் பார்த்த சுகாதார அதிகாரிகளுக்கு இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. தட்டம்மையை ஒழிக்க அவர்களிடம் வழி கிடையாது. தப்ப வைக்கவும் முடியாது. தள்ளிப்போட முடிந்தால் போதும். இன்றைக்குப் பதினாறு மாதத்தில் வருவது நாலாவது வயதில் வந்தால் அந்தக் குழந்தை அநேகமாய்ப் பிழைத்துக்கொள்ளும். பெரிய வெற்றிகளைப் பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த யோசனைக்கு விரோதமாக இரண்டு காரியங்கள் நின்றன. ஒன்று, சிசு வகுப்புகள். 1900-ல் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட இங்கிலீஷ்க் குழந்தைகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் பள்ளியில் இருந்தார்கள். தாய் வேலைக்குப் போக வேண்டும், அல்லது வீட்டில் இடமில்லை; அனுப்பிவிடுகிறாள். 1905-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்க்க மறுக்கலாம் என்று ஊர்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தொகை மளமளவென்று குறைந்தது.

மற்றொன்று தாய்மார்களின் நம்பிக்கை. எப்படியும் எல்லாவற்றுக்கும் வரப்போகிறது. தனித்தனியே வந்து மாதக்கணக்கில் சீரழிவதைவிட ஒரேயடியாக வந்து தொலையட்டும் என்று, அம்மை கண்ட பிள்ளையின் படுக்கையிலேயே மற்றவற்றையும் போட்டுவிடுவார்கள். சுகாதாரச் சகோதரிகள் வீடு வீடாகப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்து, "கைக்குழந்தையை மட்டுமாவது பிரித்து வையுங்கள்" என்று மன்றாடினார்கள். அறிக்கைகளில் இதைப் பற்றி எழுதும்போது அதிகாரிகளின் பேனா கொஞ்சம் சூடாகிவிடுகிறது. அறியாமை, அஜாக்கிரதை என்ற வார்த்தைகள் வந்து விழுகின்றன.

எனக்கு அந்தத் தாய்மாரின் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் படுகிறது. பிரித்து வைப்பதற்கு இரண்டாவது அறை வேண்டாமா?

தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத் பகுதியில் மாட் பெம்பர் ரீவ்ஸ் என்ற மாதரசியும் அவருடைய தோழிகளும் 1909-லிருந்து நாலு வருஷம் தொழிலாளிக் குடும்பங்களின் வரவு செலவை வாரந்தோறும் எழுதி வாங்கினார்கள். 1913-ல் புத்தகமாகவும் போட்டார்கள். குடித்துக் கெட்டவர்களின் குடும்பங்கள் அல்ல. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுன் சம்பாதிக்கிற, ஒழுங்கான வேலைக்காரர்களின் குடும்பங்கள். வாடகை போனால் நிலக்கரி. நிலக்கரி போனால் ரொட்டி. அந்தக் கணக்குகளில் வாரந் தவறாமல் ஒரு செலவு வருகிறது: சவ அடக்கத்துக்கு இன்ஷூரன்ஸ். குழந்தைக்கு ஒரு பென்னி, தாய்க்கு இரண்டு பென்னி, தகப்பனுக்கு மூன்று பென்னி. குழந்தை செத்தால் ஊர்ச் செலவில் புதைக்கும்படி விட்டுவிடக் கூடாதே என்ற மானத்துக்காக, ரொட்டியில் குறைத்துக்கொண்டு அந்தப் பென்னியைக் கட்டினார்கள். வைத்தியருக்கென்று ஒரு வரி அந்த வாரக் கணக்குகளில் இடம் பிடிப்பது அபூர்வம். வைத்தியர் வராத வீட்டில் நோய்க்குக் கணக்கு ஏது? அந்த வீட்டிலிருந்து சர்க்காருக்குப் போகும் முதல் காகிதமே மரணச் சீட்டாகத்தான் இருக்க முடியும். அதிலும் "நிமோனியா" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், இரண்டு கணக்கிலுமே தட்டம்மைக்கு இடமில்லாமல் போய்விடும்.

அறைக்கும் மரணத்துக்கும் உள்ள உறவை நன்றாகக் கண்டவர்கள் லண்டனில் இருந்தவர்களல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தவர்கள். அங்கே ஜனங்களில் பெரும்பாலோர் ஒற்றை அறை அல்லது இரட்டை அறை வீடுகளில் இருந்தார்கள். சிறிய வீடுகளின் கதவில் உள்ளே இத்தனை கன அடி, இத்தனை பேர் தூங்கலாம் என்று தகரச் சீட்டு அடித்து, நள்ளிரவில் இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் தட்டித் தலை எண்ணுகிற ஊர் அது. வீட்டுக்கு எத்தனை அறை என்பது முனிசிபாலிடியின் விரல் நுனியில் இருந்தது. ஆகவே நோயையும் அறைகளையும் பொருத்திப் பார்ப்பது அவர்களுக்குச் சுலபமாயிற்று. அறை குறையக் குறையத் தட்டம்மையில் சாகிறவர்கள் அதிகம் என்று சுகாதார அதிகாரி சால்மர்ஸ் காலத்திலேயே தெரிந்தது. 1928-ல் ஹாலிடே என்ற வைத்தியர் அதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். பெரிய வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை வராமல் இருந்துவிடுவதில்லை, அதற்கும் வருகிறது. ஆனால் பள்ளிக்குப் போன பிறகு வருகிறது. பொது மாடிப்படியில் பத்துக் குடும்பங்கள் ஏறி இறங்கும் கட்டிடத்தில் பிறந்த குழந்தைக்கு, தவழ்கிற வயதிலேயே வந்துவிடுகிறது. சுகாதார அதிகாரிகள் துண்டுப் பிரசுரம் கொடுத்துத் தள்ளிப்போடப் பார்த்த அந்த இரண்டு மூன்று வருஷத்தைப் பணக்காரக் குழந்தைக்கு அதன் வீடே கொடுத்துவிட்டது.

யுத்தம் வந்த பிறகுதான் சர்க்கார் அசைந்தது. 1916-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் தட்டம்மையைத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. வைத்தியர் மட்டுமல்ல, பெற்றோரும் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் முதலில் விழுந்த பிள்ளையை மட்டும் சொன்னால் போதும். இந்த விதியை எழுதிய குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் விழுகிற பிள்ளை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளை, அது பிழைத்துக்கொள்ளும். அதன் பின்னால் விழுகிற கைக்குழந்தைதான் சாகும். அந்தக் கைக்குழந்தையின் நோய்க்குக் கணக்கில் இடமில்லை! ஆயினும் ஒரு நன்மை இருந்தது. முதல் பிள்ளையின் விலாசம் கிடைத்ததும், இரண்டு வார அவகாசத்துக்குள் சுகாதாரச் சகோதரி அந்த வீட்டுப் படியேற முடிந்தது. சில ஊர்கள் நர்ஸுகளையும் அனுப்பின. இதற்குள்ளாகவே, 1916-லேயே, சிக்கனத்தை உத்தேசித்து வைத்தியரின் சீட்டுக் கூலியை ஒரு ஷில்லிங்காகக் குறைத்தார்கள். 1919-ம் வருஷக் கடைசியோடு சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நோய் மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மரணம் மட்டும் முன் போலப் பதிவாகிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த மரணம் குறைந்துகொண்டே வந்தது. பிறப்பு குறைந்தது, வீடுகள் பெருகின, குழந்தைகளுக்குப் பாலும் எண்ணெயும் கிடைத்தன. போஷாக்கின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஓர் ஆதாரத்தை மட்டும் சொல்லுகிறேன். லண்டனில் ஒரு தொற்று நோய் ஆஸ்பத்திரியில் எல்லிஸன் என்ற வைத்தியர், தட்டம்மை கண்ட 600 சிறு குழந்தைகளை இரண்டு பாதியாகப் பிரித்தார். 300 பேருக்கு வைட்டமின் ஏ கொடுத்தார். 300 பேருக்குக் கொடுக்கவில்லை. மற்றபடி ஒரே மாதிரியான சிகிச்சை. கொடுத்தவர்களில் 11 பேர் இறந்தார்கள்; கொடுக்காதவர்களில் 26 பேர். 1932-ல் இதை அவர் அச்சிட்டு வெளியிட்டார். உலகம் அதைப் படித்துவிட்டு மறந்தும் போயிற்று. ஐம்பது வருஷம் கழித்துத்தான் ஏழை நாடுகளின் தட்டம்மைக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் யோசனை சொல்லியது.

தட்டம்மைக் கிருமியை எண்டர்ஸ் என்பவரும் பீபிள்ஸ் என்பவரும் அமெரிக்காவில் பிரித்தெடுத்தது 1954-ல். தடுப்பூசி 1963-ல் வந்தது. உலகத்தில் 2023-ம் வருஷத்தில்கூட ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தட்டம்மையில் மாண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஊசி போடப்படாத, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இங்கிலாந்தில் இரண்டாவது யுத்தம் மூண்டதும் தட்டம்மையை மறுபடி தெரிவிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. இந்தத் தடவை முதல் பிள்ளை மட்டும் என்ற விதியை விட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் உத்தரவை எடுக்கவில்லை. லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த 1940-ம் வருஷத்துக் கணக்கில்தான், இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் இரண்டு எண்களும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: நோய் கண்டவர் 4,09,521, இறந்தவர் 857. ஏறக்குறைய 480 பேருக்கு ஒருவர். 1961-ம் வருஷத்து வரியில் நோய் கண்டவர் 7,63,531, இறந்தவர் 152. ஐயாயிரம் பேருக்கு ஒருவர். அது வரையில் அங்கே தடுப்பூசி இல்லை. இரண்டாவது பத்திதான் குறைந்து வந்திருந்தது. 1968-ல் ஊசி போடத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு முதல் பத்தியும் இறங்க ஆரம்பித்தது.